மைதானத்தின் வாசல்

கல்கத்தா நகரின் நடுவே, ஹூக்ளி ஆற்றங்கரைக்கும் சௌரங்கி வீதிக்கும் இடையே, மைதான் எனப்படும் பரந்த புல்வெளி ஒன்று உண்டு. வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே எந்த மறைப்பும் இருக்கக் கூடாதென்று ஆங்கிலேயர் வெட்டவெளியாக விட்டுவைத்த நிலம் அது. பகைவரைச் சுடுவதற்காக வெறுமையாக்கப்பட்ட அதே நிலத்தில்தான், பின்னாளில் ஆள்வோரும் ஆளப்படுவோரும் பதினொருவருக்குப் பதினொருவராக எதிரெதிரே நின்று, ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு, ஒரு தோல் பந்துக்காகப் போராடினார்கள். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் இரயில் வண்டியிலும் கிட்டாத சமத்துவம் அங்கே ஆட்டம் முடியும் வரையிலேனும் கிட்டியது.

அந்தச் சிறுபொழுதும் எளிதில் வாய்த்ததன்று. மைதானத்திற்குச் சுவர் இல்லை. ஆயினும் வாசல் இருந்தது. அவ்வாசலில் யார் யார் காத்து நின்றார்கள் என்பதே கல்கத்தா கால்பந்து லீகின் வரலாறு.

இரண்டு பேருக்கு மட்டும் இடம்

1893ஆம் ஆண்டில் இந்தியக் கால்பந்துச் சங்கம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. பெயரில் இந்தியா இருந்ததே தவிர, நிருவாகம் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1898இல் லீக் போட்டிகள் தொடங்கின. பட்டாளத்து அணிகளும், கல்கத்தா கிளப், டல்ஹௌசி முதலிய வெள்ளையர் கிளப்புகளும் தமக்குள்ளேயே ஆடித் தமக்குள்ளேயே வென்றன.

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், மோகன் பகான் அணி கேடயப் போட்டியின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் வென்றது. அணியில் ஒருவர் தவிர மற்றப் பதின்மரும் வெறுங்காலோடு ஆடினர். வங்கத்து முஸ்லிம்களும் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடினார்கள். இத்தகைய அணிக்கும் லீகின் இரண்டாம் பிரிவில் 1914இல்தான் இடம் கிடைத்தது, முதற்பிரிவில் 1915இல். அதன் பின்னரும் முதற்பிரிவில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்றொரு விதி நின்றது. ஈஸ்ட் பெங்கால் கிளப் தகுதி பெற்று மேலேற முனைந்தபோது இந்த விதி குறுக்கிட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே 1925இல் தடை நீங்கியது. ஆட்டத்தில் தோற்பவன் வெளியேறுவது முறை. ஆடுவதற்கு முன்பே வெளியே நிறுத்தப்படுவது என்ன முறை?

1934

முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் 1891இல் தோன்றியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் பெயரை வங்கத்திற்கு வெளியே அறிந்தவர் சிலரே. அக்கிளப் 1934இல் முதற்பிரிவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளிலும் டர்ஹாம் காலாட்படை அணியே பட்டத்தை வென்றிருந்தது. புதிதாக வந்த அணி கீழே விழாமல் தாக்குப்பிடித்தால் போதும் என்பதே பலர் கணிப்பு. அது கீழே விழவில்லை. முதலாண்டிலேயே பட்டத்தை வென்றது. லீக் தோன்றி முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அதுவே. 1935, 1936, 1937, 1938 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் பட்டம் அதனிடமே தங்கியது. 1936இல் கேடயமும் சேர்ந்துகொண்டது.

இது அற்புதமன்று, அறிவோடு கூடிய உழைப்பு. கல்கத்தாவில் லீக் நடப்பது மழைக்காலத்தில். வெறுங்காலில் ஆடுபவன் காய்ந்த தரையில் மின்னலாக இருப்பான், சேற்றில் வழுக்குவான். பூட்ஸ் அணிந்த வெள்ளையர்களுக்கு மழையே துணைவன். இதனைக் கண்டுகொண்ட முகம்மதன் நிருவாகிகள், ஈரத் தரையில் தம் ஆட்டக்காரர்களும் பூட்ஸ் அணிந்து ஆடும்படி பழக்கினார்கள். மழை அன்று முதல் பொதுச் சொத்தாயிற்று.

இரண்டாவதாக, அவர்கள் வங்கத்தோடு நின்றுவிடவில்லை. குவெட்டாவிலிருந்து ஜும்மா கான், டில்லியிலிருந்து கோல் காவலர் உஸ்மான், பெங்களூரிலிருந்து ரஹ்மத் என்று நாடெங்கும் தேடித் திறமையைத் திரட்டினார்கள். பெங்களூர் அந்நாளில் கால்பந்தின் இன்னொரு தலைநகரம். அவ்வூரின் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1937இலும் 1938இலும் வென்றது என்பதைத் தென்னாட்டார் நாம் மறத்தல் தகாது.

இங்கே பொருளாதாரமும் உண்டு. விதிப்படி எல்லோரும் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களே. ஆனால் தொலைவூரிலிருந்து வரும் ஏழை இளைஞன் எதை உண்டு ஆடுவான்? தங்க இடம், சாப்பாடு, ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, வெற்றி பெற்றால் அன்பளிப்பு என்று கிளப்புகளும் புரவலர்களும் செய்த ஏற்பாடே கல்கத்தா லீகின் உள்ளியக்கம். முழுத் தொழிலும் அன்று, வெறும் பொழுதுபோக்கும் அன்று. அரைத் தொழில்முறை எனலாம். அந்தப் பாதிக் கூலியில்தான் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

அந்த அணியின் முகம்மது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் கிளப்புக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். காலில் துணிக்கட்டு மட்டுமே, பூட்ஸ் இல்லை. அவருடைய கால்வித்தையைக் கண்டு கிளாஸ்கோ வியந்தது. அங்கேயே தங்கும்படி வேண்டினார்கள். ஊர் நினைவு அவரை ஈர்க்கவே திரும்பிவிட்டார். 1940இல் முகம்மதன் அணி டியூரண்ட் கோப்பையையும் வென்றது. 1888இல் தோன்றிய அப்போட்டியில் இந்திய அணியொன்று வென்றது அதுவே முதன்முறை.

வெற்றியின் நிழல்

ஒரு சமுதாயம் தலைநிமிர அந்த வெற்றிகள் உதவின. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் வாழ்த்துக் கவிதை பாடினார். மற்ற சமயத்தாரும் முதலில் பாராட்டினார்கள். ஆனால் அரசியல் கொதித்த அந்த ஆண்டுகளில், கிளப் கொடிகள் மெல்ல மெல்ல சமயக் கொடிகளாகப் பார்க்கப்பட்டன. நடுவரின் தீர்ப்பில் சூழ்ச்சி தேடினார்கள். பார்வையாளர் நடுவே பகை வளர்ந்தது. பின்னர் பிரிவினை வந்தது. ஆட்டக்காரர்களும் ஆதரவாளர்களும் எல்லைக்கு இருபுறமும் சிதறினார்கள்.

ஆயினும் கிளப் அழியவில்லை. 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் லீகை வென்றது. பிறகு நாற்பதாண்டு வறட்சி. 2021இல் பட்டம் திரும்பி வந்தது. 2022, 2023 ஆண்டுகளிலும் நிலைத்தது. முஸ்லிம்கள் மட்டுமே ஆடிய அந்த அணியில் இப்போது எல்லாச் சமயத்தாரும் ஆடுகிறார்கள். வாசலில் நின்று வருந்தியவர்கள் தம் வாசலைத் திறந்து வைத்தார்கள். பட்டங்களை விட இதுவே பெரிது என்பது என் எண்ணம்.

இன்னும் ஒரு வரிசை

இதுவரை சொன்னது ஆண்களின் கதை. வாசலில் இன்னொரு வரிசையும் நின்றது.

இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறித் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பதாண்டு நீடித்தது. கூட்டம் வராததால் மூடவில்லை, வந்ததால் மூடினார்கள்.

நம் நாட்டில் பெண்களுக்கான கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல்தான் தோன்றியது. அவ்வாண்டு லக்னோவில் தேசியப் போட்டி நடந்தது. வங்கத்துப் பெண்கள் முன்னணியில் நின்றார்கள். குந்தலா கோஷ் தஸ்திதார், சாந்தி மல்லிக் போன்றோர் அந்த மண்ணில் விளைந்தவர்கள். 1980இன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பெற்றனர். 1983இல் பாங்காக்கிலும் அவ்வாறே. சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவரே. இன்று கல்கத்தாவில் பெண்களுக்கும் லீக் உண்டு. கன்யாஸ்ரீ கோப்பை என்பது அதன் பெயர். முகம்மதன் கிளப்பும் அதில் பெண்கள் அணியை இறக்கியிருக்கிறது.

முஸ்லிம் பெண்ணுக்கோ இன்னொரு தாழ்ப்பாளும் இருந்தது. 2011 ஜூனில் அம்மான் நகரில், தலைத்துணி அணிந்திருந்த காரணத்தால் ஈரானியப் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதியாட்டத்தில் ஆட அனுமதிக்கப்படவில்லை. வீட்டிலே 'ஆடாதே' என்று சொல்லும் குரலைத் தாண்டி வந்தவளை, மைதானத்தில் 'இப்படி ஆடாதே' என்ற குரல் தடுத்தது. 2014 மார்ச்சில் அந்தத் தடை முற்றாக நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸீனா தலைத்துணியோடு உலகக் கோப்பையில் ஆடினார். கொரியாவுக்கு எதிரான அவ்வாட்டத்தில் அவர் அணி வென்றது.

சகோதரர்களே, 1934இன் வெற்றியை நம்மவர் பெருமையோடு பேசுவது வழக்கம். பேசலாம். ஆனால் அந்த வெற்றியின் பொருள் என்ன? 'எங்களுக்கும் இடம் கொடுங்கள், ஆடிக் காட்டுகிறோம்' என்று சொன்னவர்கள், கொடுத்த இடத்தில் ஆடிக் காட்டினார்கள் என்பதுதானே? அதே சொற்களை நாளை நம் வீட்டுச் சிறுமி, தெருவிலிருந்து ஓடி வந்து, மூச்சிரைக்க, நம் முகம் பார்த்துக் கேட்பாள். இம்முறை வாசலைக் காத்து நிற்பவர் வெள்ளையர் அல்லர், நாம்.