வாதாபிக்கு மறுபடியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்டு பார்க்கும் நம் நண்பர்களுக்கு அடுத்த ஊர் காஞ்சிபுரம். அந்தக் காஞ்சியின் நரசிம்மவர்ம பல்லவன் கி.பி. 642 வாக்கில் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். வெற்றியை அங்கே பாறையிலேயே வெட்டி வைத்தான். வாதாபிதான் இன்றைய பாதாமி, கர்நாடகத்தில் ஒரு சின்ன ஊர். அதன் சிவந்த மணற்பாறைகளில் இன்று இளைஞர்கள் ஏறுகிறார்கள். பாறையில் முன்பே பதித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவதுதான் 'ஸ்போர்ட் கிளைம்பிங்'. அங்குள்ள மிகக் கடினமான பாதைகளில் ஒன்றின் பெயர் 'கணேசா'! வாதாபி கணபதி யாரையும் விடுவதாயில்லை.

தம்பி தங்கைகளே, பயிற்சி பெற்றவர்களோடு போய் ஏறிப் பாருங்கள். ஆனால் ஒன்று: குடைவரையும் கல்வெட்டும் உள்ள பாறையில் மட்டும் கை வைக்காதீர்கள். 1,300 வருஷத்துக்கு மேல் நின்ற எழுத்தைக் கெடுக்க ஒரே ஒரு போல்ட்டு போதும்.