நரம்புறை அழிவு நோய்களும் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியும்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளை மின்கம்பியின் மேலுறைபோலச் சுற்றிக் காத்து நிற்கும் மயலின் என்னும் கொழுப்புறையை, வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு போராடுவதற்கென்று அமைந்த நோயெதிர்ப்புச் சக்தியே பகையாகக் கருதித் தாக்குவதால் விளையும் வியாதிகளின் தொகுதி நரம்புறை அழிவு நோய்கள் எனப்படும். இவற்றுள் தலைமையானது, 1868-இல் பாரிஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஷார்க்கோ தெளிவாக விவரித்ததும், எம்.எஸ். என்று மருத்துவர்களாலும் நோயாளிகளாலும் சுருக்கமாக வழங்கப்படுவதுமான தண்டுவட மரப்பு நோய். இது குளிர்நாட்டு வெள்ளையரின் வியாதி, நம்மவரை அதிகம் தீண்டாதது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆயினும், இவ்வியாதியின் வேர் நோயெதிர்ப்புச் சக்தியில் இருக்கிறது என்ற அறிவுக்கு முதல் தூண்டுகோலாக அமைந்தது, தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையினர் நன்கறிந்திருந்த நாய்க்கடி ஊசியே ஆதலால், சென்னையில் இத்துறை வளர்ந்த சரித்திரத்தைக் குன்னூரிலிருந்து தொடங்குவதே முறை.

பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு, நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தை முதன்முறையாகச் செலுத்தினார். இந்தியாவில் அந்தச் சிகிச்சை முதலில் இமயமலைச் சாரலில் உள்ள காசௌலியில் மட்டுமே கிடைத்தது. தென்னாட்டில் கடிபட்டவர் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும் என்ற துயரத்தை 1902-இல் ஓர் இளம்பெண்ணின் மரணம் எல்லோருக்கும் உணர்த்தியதன் பின், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911-இல் காசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறையே பிற்காலத்தில் நாடெங்கும் பரவியது. ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, சில தினங்களில் அது வாதமுற்றுச் சாயும் நிலையில் மூளையை எடுத்து அரைத்து, கார்பாலிக் அமிலம் கலந்து, 37 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் வைத்துக் கிருமியைக் கொன்று, நீர்த்துப் புட்டிகளில் அடைப்பார்கள். சற்றுக் கலங்கலாக இருக்கும் அந்த நீரை வயிற்றுத் தோலின் அடியில் நாள்தோறும் செலுத்த வேண்டும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் குழந்தைகளை எச்சரித்த வழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

இந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், கால்கள் திடீரென்று மரத்துப்போய், சிறுநீர் அடைபட்டு, சிலபோது நினைவும் தப்பிற்று. கடித்த நாய்க்கு வெறியே இல்லை என்று பின்னர் தெரியவந்தபோதும் கடிபட்டவர் வாதத்தால் படுக்கையில் கிடந்த நிகழ்ச்சிகள் மருத்துவர்களின் மனத்தை உறுத்தின. இதற்குக் காரணம் எஞ்சியிருந்த கிருமியா, அன்றி மருந்தோடு உட்சென்ற மூளைப் பொருளா என்ற வினா எழுந்தது. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1927-இல் பாரிஸில் கூடிய வெறிநோய் மாநாட்டுக்குப் பின், முன்பு காசௌலியில் பணியாற்றிய மெக்கென்ட்ரிக், பல நாட்டு நிலையங்களின் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். சில நூறு பேருக்கு ஒருவர் என்பது முதல் பல ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது வரை, இடத்துக்கு இடமும் மருந்துக்கு மருந்தும் இந்த விபத்தின் அளவு வேறுபட்டது.

வினாவுக்கு விடை நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தில் கிடைத்தது. தாமஸ் ரிவர்ஸ் என்பவர் 1933-லும் 1935-லும் வெளியிட்ட பரிசோதனைகளில், எந்த நோயும் இல்லாத முயலின் மூளையை அரைத்துக் குரங்குகளுக்குப் பல மாதம் விடாமல் செலுத்தினார். கிருமி சிறிதும் இல்லாத அம்மருந்தே குரங்குகளுக்கு வாதத்தை உண்டாக்கியதையும், அவற்றின் மூளையில் மயலின் உறை திட்டுத்திட்டாக அழிந்திருந்ததையும் அவர் கண்டார். அந்நிய மூளைக்கு எதிராகத் திரண்ட சக்தி சொந்த மூளையையும் விட்டுவைக்கவில்லை என்பதே இதன் பொருள். எம்.எஸ். ஆராய்ச்சிக்கு இன்றளவும் அடிப்படையாக விளங்கும் விலங்குப் பரிசோதனை முறை இதுதான். 1940-களில் எல்வின் கபாட், எம்.எஸ். நோயாளிகளின் தண்டுவட நீரில் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருப்பதைக் காட்டியதோடு, குரங்குகளில் இந்நோயை விரைவாக உண்டாக்கும் முறையையும் கண்டார். 1960-இல் பாட்டர்சன், நோயுற்ற எலியின் நிணக்கணு அணுக்களை மற்றோர் எலிக்கு மாற்றி நோயையும் மாற்றினார். 1981-இல் பென்-நுன், வெக்கர்லே, கோஹன் ஆகியோர், மயலினை இலக்காகக் கொண்ட டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களைத் தனியே வளர்த்துச் செலுத்தியே நோயை வருவித்தனர்.

இதே அறிவு ஊசியைத் திருத்தவும் பயன்பட்டது. பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் மயலின் உறை மிகக் குறைவாதலால் அதில் மருந்து செய்தால் ஆபத்தும் குறையும் என்று கருதி, 1955-இல் சிலி நாட்டின் புவென்சாலிடாவும் பலாசியோஸும் அத்தகைய மருந்தைச் செய்தனர். 1987-இல் தாய்லாந்தின் ஹேமசூடாவும் துணைவர்களும், செம்பிள் ஊசியால் வாதமுற்றோரின் குருதியில் மயலினின் ஒரு முக்கியப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டு, அரை நூற்றாண்டுக்கு முன் குரங்கில் கண்டதை மனிதரிடத்திலும் மெய்ப்பித்தனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் 1984-இல் ஊசியால் இவ்வாறு பாதிக்கப்பட்ட தம் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். இவ்வளவு தெரிந்த பின்னும் ஆட்டு மூளை ஊசி இந்நாட்டில் 2004 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த திசு வளர்ப்பு மருந்தின் விலையே தாமதத்துக்குப் பெருங்காரணம் என்றாலும், அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பி வந்த ஏழைகளே அந்தத் தாமதத்தின் விலையைத் தம் கால்களால் செலுத்தினர் என்பதை இச்சரித்திரத்தை எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

சென்னையில் நரம்பியல் தனித் துறையாக உருப்பெற்றது, 1950-இல் அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து எனலாம். மறு ஆண்டு அவரும், வேலூரின் ஜேக்கப் சாண்டி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை இந்நகரில் தோற்றுவித்தனர். பிற்காலத்தில் ராமமூர்த்தி, கே. எஸ். சஞ்சீவி 1958-இல் அடையாறில் நிறுவிய தன்னார்வ நல்வாழ்வுச் சேவை மருத்துவமனையில் லட்சுமிபதி நரம்பு அறுவை மையத்தை அமைத்தார். தியாகராய நகரை அடுத்த மேற்கு மாம்பலத்தில், எம். சி. சுப்பிரமணியம் 1953-இல் தோற்றுவித்த பொதுச் சுகாதார நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீநிவாஸ் நரம்பியல் பிரிவை வளர்த்தார். நரம்பு வியாதி பெரிய ஆஸ்பத்திரிக்கே உரியது என்றிருந்த நிலை மாறி, நடுத்தரக் குடும்பத்தார் தம் பேட்டையிலேயே நிபுணரைக் காணும் நிலை வந்ததற்கு இத்தகைய தர்ம ஸ்தாபனங்களே காரணம்.

நம் நாட்டில் இந்நோய்களின் உருவம் எப்படிப்பட்டது என்று முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ குழுவினர் முக்கியமானவர்கள். அவர்களுடைய கட்டுரை 1971-இல் வெளிவந்தது. பம்பாயில் சிங்கல், வாடியா ஆகியோரும் அதே காலத்தில் ஆராய்ந்தனர். இங்குள்ள நோயாளிகள் பலரில் கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து கடுமையாகத் தாக்கப்படுவது அடிக்கடி காணப்பட்டது. மேல்நாட்டு நூல்களின் வர்ணனையோடு இது பொருந்தாததால், ஆசியாவுக்குரிய எம்.எஸ். வகை என்று பெயரிட்டு விட்டுவிட்டார்கள். 2004-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வாண்டா லெனன் குழுவினர் இத்தகைய நோயாளிகளின் குருதியில் ஒரு தனி எதிர்ப்பொருளைக் கண்டு, மறு ஆண்டில் அது மூளை அணுக்களில் நீர் செல்லும் வாயிலான அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்குவது என்று நிறுவினர். கண்ணையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்குவதாக 1894-இல் டெவிக் விவரித்த வியாதி எம்.எஸ்.-இன் கிளையன்று, வேறொரு நோய் என்பது இதனால் உறுதியாயிற்று. பின்னர் மயலின் உறையின் வெளிப்புறத்தில் உள்ள மாக் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் வரும் மூன்றாவது நோயும் பிரித்தறியப்பட்டது.

இந்தப் பாகுபாடு ஏட்டறிவு மட்டும் அன்று. எம்.எஸ்.-க்கென்று 1993 முதல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட இன்டர்பெரான் ஊசி, டெவிக் நோயாளியின் நிலையை மேலும் கேடாக்கக்கூடும். ஆகவே, பெரும்பொருள் செலவழித்து வாங்கிய மருந்தே தீங்காக முடிந்த குடும்பங்களும் உண்டு. பார்வை திடீரென மங்கி வருவோர் முதலில் நாடுவது கண் மருத்துவரையே ஆதலால், நுங்கம்பாக்கத்துச் சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் பார்வை நரம்பு அழற்சியுற்றோருக்கு அக்வாபோரின்-4, மாக் ஆகியவற்றுக்கு எதிரான இரு எதிர்ப்பொருள்களையும் சோதித்து ஆராய்ந்தது சென்னைக்குப் பெரும் பயன் தந்தது. நோய்களின் பரவலைக் கணக்கெடுத்ததில் மங்களூர் முன்னின்றது. லேகா பண்டிட்டும் துணைவரும் 2014-இல் வெளியிட்டபடி, அந்நகரில் லட்சம் பேரில் சுமார் 8 பேருக்கு எம்.எஸ்.-உம், 2 அல்லது 3 பேருக்கு டெவிக் நோயும் இருந்தன. முந்தைய மதிப்பீடுகளோ லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே நின்றிருந்தன. நம் நாட்டில் இவ்வியாதி அரிது என்று சொன்ன காலத்தில், அதைக் காட்டும் காந்தப் படமெடுக்கும் கருவியும் அறியும் நிபுணரும் அரிதாக இருந்தனர் என்பதே என் அபிப்பிராயம்.

சென்னை நோயாளிக்கே உரிய துன்பம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உடலை வருத்தியபின் எம்.எஸ். நோயாளியின் பார்வை சற்று நேரம் மங்குவதை 1890-இல் ஊட்ஹாப் விவரித்தார். மயலின் உறை தேய்ந்த நரம்பிழை, உடல் வெப்பம் அரை பாகை உயர்ந்தாலும் செய்தியைக் கடத்தத் தவறும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்துக்காக மயிலை மாட வீதியில் வெயிலில் நின்றவருக்கும், கத்திரி நாட்களில் அடுப்படியில் நின்று சமைத்தவருக்கும், பழைய நோய் திரும்பியதுபோலக் கண் மங்கிக் கால் தள்ளாடுவதும், நிழலில் அமர்ந்து குளிர்ந்த நீரால் முகம் கழுவி ஒரு மணி நேரம் இளைப்பாறியபின் அது தானே தெளிவதும் இதனால்தான். இது நோயின் புதிய தாக்குதல் அன்று என்று அறியாமல், அஞ்சி ஓடிவந்து ஸ்டீராய்டு மருந்தை வீணே ஏற்றிக்கொள்வோர் உண்டு. அவர்களுக்கு மருந்தைவிட விளக்கமே முதலில் தேவை.

நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல எம்.எஸ். மிகுவது பல நாடுகளில் கண்ட உண்மை. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களிடம் இந்நோய் குறைவாகவும், அங்கே பிறந்த அவர்கள் மக்களிடம் அந்நாட்டவரைப்போலவே மிகுதியாகவும் இருந்ததை 1990-இல் எலியன், டீன் முதலியோர் காட்டினர். பரம்பரையோடு, பிறந்து வளரும் இடமும் நோயை நிர்ணயிக்கிறது என்பது இதனால் விளங்கும். 2022-இல் அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் 32 மடங்கு உயர்வதைக் கண்டனர். இவ்வைரஸ் நம் குழந்தைகளைச் சிறுவயதிலேயே பற்றிவிடுகிறது. வாலிபத்தில் பற்றும்போதே தீங்கு அதிகம் என்று கருதுவதற்கு இடமுண்டு.

சிகிச்சையில் இன்று நடப்பது இது. நோய் தீவிரமாகும்போது நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவர். பயன் தராவிடில் குருதியின் பிளாஸ்மாவை மாற்றுவர். பின்னர் நோய் மீளாதிருக்க, எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கும் பி அணுக்களை ஒடுக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை இந்நாட்டு மருத்துவர்கள் மிகுதியாக நாடுகின்றனர். 2007-இல் ஐதராபாத் நிறுவனம் ஒன்று அதைக் குறைந்த விலையில் தயாரித்தது இதற்கு வழிகோலியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.-ஐத் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றதால், இந்நோயாளிகளுக்குச் சான்றிதழும் சலுகையும் பெற வழி பிறந்தது. ஆயினும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதுவாயினும், நம்மிடையே பலரின் உடலில் உறங்கிக் கிடக்கும் காசத்தை அது எழுப்பிவிடக்கூடும். 1956-இல் காசநோய்ச் சிகிச்சை மையமாகத் தொடங்கிச் சேத்துப்பட்டில் நிலைபெற்ற தேசிய ஆராய்ச்சி நிலையத்தின் பணி உலகெங்கும் காசச் சிகிச்சையை மாற்றியது. அந்நிலையம் இருக்கும் சென்னையிலேயே நரம்பியல் மருத்துவர், முதல் ஊசி ஏற்றுமுன் மார்புப் படமும், காசத்துக்கும் மஞ்சட்காமாலை வைரஸுக்கும் உரிய குருதிச் சோதனையும் கேட்பதும், சளியும் மாலைச் சுரமும் உண்டா என்று நோயாளியை ஒவ்வொரு முறையும் விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டது.