நிகமம்

திருப்பூரைக் கடந்து கிழக்கே காவிரிக்குப் போகும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் நல்ல அணிகலன்களுக்காகச் சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்ட ஆரம்பித்தது; பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் வந்தன. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் மட்டும் 500க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஆள் பேர்கள். ஓர் ஓட்டில் மட்டும், தமிழ்ப் பிராமியில், 'நிகம'.

பிராகிருதச் சொல் அது. பாலி நூல்களில் கிராமத்துக்குப் பெரியது, நகரத்துக்குச் சிறியது நிகமம். சந்தை கூடும் ஊர். அந்தச் சந்தையை நடத்திய வணிகர் கூட்டத்துக்கும் அதுவே பேர். மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக்குகையில் வெள்ளறை நிகமத்தார் கொடை கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. அங்கே வடசொல்லின் வாலில் தமிழ் விகுதி ஒட்டிக்கொண்டு 'நிகமத்தோர்' என்றாகிவிட்டது. வணிகருக்கு இலக்கணத் தீட்டு கிடையாது.

கொடுமணல் ஓடுகளில் கண்ணன் ஆதன் இருக்கிறான். விஸாகியும் சுமணனும் இருக்கிறார்கள். வடக்கத்திப் பேர் வைத்தவரெல்லாம் வடக்கத்தியார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பார்த்தால் இன்றைய கொங்கு நாட்டில் பாதிப்பேர் வந்தேறிகள் ஆகிவிடுவார்கள். பேரை விடுங்கள், கல் பொய் சொல்லாது. பச்சைக்கல் உள்ளூர்ச் சரக்கு, காங்கேயம் பக்கம் படியூரில் வெட்டியது. ஆனால் சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத்திலிருந்தும், நீலநிற லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள். கரூர் வஞ்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்குப் போன பெருவழி ஊரைத் தொட்டுப் போயிற்று. இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற சுடுமண் தக்களி வில்லைகளும் அதே மண்ணில்தான். இத்தனை திசைச் சரக்கு புழங்கிய இடத்தில் வணிகர் குழுவைக் குறிக்க எல்லாருக்கும் புரிந்த ஒரு சொல் தேவைப்பட்டிருக்கும்.

பிறகு தமிழில் இந்தச் சொல்லின் போக்கு மாறியது. சமஸ்கிருதத்தில் நிகமத்துக்கு வேதம் என்றும் பொருள் உண்டு; வேதாந்த தேசிகர் நிகமாந்த தேசிகர் ஆனது அதனால்தான். சந்தைப் பொருளில் நாம் வைத்துக்கொண்டவை வேறு சொற்கள். வடக்கில் நிகமம் சாகவில்லை. பி.எஸ்.என்.எல்.லில் வரும் 'என்' நிகம்தான். இந்தியில் மாநகராட்சியும் நகர் நிகம்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பீகார்க்காரருக்கு அது அன்றாடச் சொல்.

நம் பக்கம் ஊர்ப்பேராக அது தங்கியிருக்கிறது என்பேன். பொள்ளாச்சிக்கு வடகிழக்கே, கைத்தறிச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற நெகமம். நிலம் பேச்சில் நெலம் ஆகிறது, விலை வெலை ஆகிறது, இடம் எடம் ஆகிறது: அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முதல் இகரம் எகரமாய்த் தளரும். அந்த விதிப்படி நிகமம் நெகமம்தான் ஆகும், வேறொன்றும் ஆகாது. கிருஷ்ணைக் கரைப் பட்டிப்ரோலுவின் பௌத்தப் பேழையிலும் நிகமத்தாரை 'நேகமா' என்றே எழுதியிருக்கிறார்கள். ஊரும் பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஊர்ப்பேருக்கு வேறு கதை சொல்பவர்கள் முதலில் அந்த எகரத்துக்குக் கணக்குச் சொல்லட்டும்.