பந்தயக் காசு கோர்ட் ஏறாமல் போன கதை

ஐபிஎல் நடக்கும் மாதங்களில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு ஐந்து என்று போட வேண்டிய ரேட்டை ஒரு புக்கி கை தவறி ஒன்றுக்கு ஐம்பது என்று போட்டுவிட்டான். நூறு ரூபாய் கட்டியவன் ஜெயித்தும்விட்டான். கொடுக்க வேண்டியது ஐயாயிரமா, ஐந்நூறா? "சொன்ன ரேட் சொன்னதுதான்" என்று சிலர் சொல்வார்கள். "தப்புன்னு தெரிஞ்சேதானே கட்டினான், அவன் மட்டும் யோக்கியனா?" என்று சிலர் மடக்குவார்கள்.

அம்பத்தூர் கோர்ட்டுக்குப் போனாலும் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனாலும் இதற்குப் பதில் கிடைக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது அது. குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசு தரப் பணம் போடுவது மட்டும் விதிவிலக்கு.

இந்தத் தடை பிறந்தது கிரிக்கெட்டிலும் அல்ல, குதிரையிலும் அல்ல. அபினியில்.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபினியைக் கல்கத்தாவில் ஏலம் விட்டு வந்தது. அடுத்த ஏலத்தில் சராசரி விலை என்னவாக இருக்கும் என்று பம்பாய் வியாபாரிகள் பந்தயம் கட்டினார்கள். ஒரு பெட்டி அபினிகூடக் கைமாற வேண்டியதில்லை. தந்தி வராத காலம். கல்கத்தா விலை பம்பாய்க்குத் தெரிய நாளாகும். அதுவரை நகரமே காத்துக் கிடக்கும். தோற்றவர்கள் பணம் தர மறுத்தபோது வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ராம்லால் தாகூர்சிதாஸ் எதிர் சூஜுமுல் தோண்டுமுல் என்பது அதன் பெயர்.

இங்கிலாந்தில் 1845லேயே பந்தயக் கடனை வசூலிக்க முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் கடல் தாண்டி இங்கே வரவில்லை. பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் பந்தயம் செல்லும். ஆகவே 1848ல் பிரிவி கவுன்சிலில் லார்ட் கேம்பல், வருத்தத்தோடுதான், அபினிப் பந்தயம் செல்லும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் இங்கே 21ஆம் எண் சட்டம் வந்து பந்தயங்களைச் செல்லாதவையாக்கியது. 1872ல் அது 30ஆம் பிரிவாக ஒப்பந்தச் சட்டத்துக்குள் குடியேறியது.

எட்டுப் பிரிவுகள் முன்னால், 22ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்துக்கொண்டது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது அது. பந்தயமும் சாதாரண ஒப்பந்தமாக இருந்திருந்தால் நூறு ரூபாய் கட்டியவன் கையில் நல்ல ஆயுதம் இருந்திருக்கும். 30ஆம் பிரிவு அதைப் பிடுங்கிக்கொண்டது. 1959ல், கெருலால் பாரக் வழக்கில், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி சுப்பா ராவ் இன்னொன்றையும் தெளிவாக்கினார்: பந்தய ஒப்பந்தம் செல்லாதுதான், ஆனால் அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. குற்றமுமில்லை, உரிமையுமில்லை. விசித்திரமான அந்தரம்!

பந்தயக் கடனுக்கு மூடிய கோர்ட் கதவை இங்கிலாந்து 2007ல் மறுபடி திறந்தது. 2018ல் ஆண்ட்ரூ கிரீன் என்பவர் பெட்ஃபிரெட் நிறுவனத்தின் ஆன்லைன் பிளாக்ஜாக்கில் சுமார் 17 லட்சம் பவுண்டு ஜெயித்தார். மென்பொருளில் கோளாறு என்று நிறுவனம் கைவிரித்தது. 2021ல் உயர் நீதிமன்றம் கிரீன் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் காட்டிய நிபந்தனைகள் அதைக் காப்பாற்றவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வழக்கு உண்டு, பந்தயம் அல்ல, வியாபாரம். 2003ல் சிங்கப்பூரில் 3,854 டாலர் பிரின்டர் இணையத்தில் 66 டாலர் என்று பதிவாகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். விலை தப்பு என்று தெரிந்தே வாங்கினார்கள், ஒப்பந்தம் செல்லாது என்று நீதிபதி வி.கே. ராஜா தீர்ப்பளித்தார், மேல்முறையீட்டிலும் அது நின்றது.

என் கட்சி இதுதான். பார்த்த மாத்திரத்தில் பிழை என்று தெரிகிற ரேட்டுக்கு, சரியான ரேட்டில் கணக்குத் தீர்த்தால் போதும். ஐந்தை ஆறாகப் போட்டுவிட்டுப் பிறகு தப்பு என்று சொன்னால் நஷ்டம் புக்கியுடையது. ரேட் போடுவதுதானே அவன் தொழில்? எது பிழை என்று தீர்மானிப்பவன் மட்டும் அவனாக இருக்கக் கூடாது. சட்டத்துக்கு வெளியே ஓடும் ஆப்களில் அவனேதான் விதி எழுதுகிறான், அவனேதான் தீர்ப்பும் சொல்கிறான். வேலிக்கு ஓணான் சாட்சி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்து, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆகவே ஆவடியிலோ அம்பத்தூரிலோ உங்கள் போனில் ஐம்பது என்று ஒரு ரேட் மின்னினால், அது சரியா தப்பா என்று யோசிக்காதீர்கள். ஜெயித்தாலும் அந்தப் பணத்தை வாங்கித் தர எந்த கோர்ட்டும் இல்லை.