உப்பும் தேசமும்: மரக்காணத்திலிருந்து சில குறிப்புகள்

எம்.ஏ. வகுப்பில் நெய்தல் படித்தபோது உப்பு விளைத்தல் கருப்பொருள், இரங்கல் உரிப்பொருள் என்று எழுதி மார்க் வாங்கினேன். உமணர் வண்டியெல்லாம் தலைவியின் பிரிவுக்குப் பின்னணி, அவ்வளவுதான். விளைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த மரக்காணத்து அளத்து வரப்பில் நின்றபோதுதான் கேள்வி உறைத்தது.

தேசம் ஒரு கற்பிதம் என்று எல்லோரும் பேசுகிறோம். சரி, அந்தக் கற்பிதத்தைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது. விடுதலைப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் வழியை மறித்ததும் அங்கே உப்புக்குத் திண்டாட்டம். துணிக்கும் இரும்புக்கும் அந்நியனை நம்பியிருந்தால் அது என்ன விடுதலை என்ற கேள்வி எழுந்தது. சொந்தத் தொழில் இல்லாத குடியரசு நிலைக்காது என்பதே 1791இல் ஹாமில்டன் காங்கிரஸுக்குத் தந்த உற்பத்தித் தொழில் அறிக்கையின் சாரம். 1817இல் நியூயார்க் மாநிலம் ஒனண்டாகா ஊற்று உப்பின்மீது புஷலுக்கு 12½ சென்ட் தீர்வை போட்டு எரி கால்வாய் நிதியில் சேர்த்தது. 1825இல் கால்வாய் திறந்தது. கடற்கரையும் ஏரிப்பகுதியும் ஒரே சந்தையாயின. 'நாம் ஒரு தேசம்' என்ற பேச்சுக்குக் கண்கண்ட சாட்சி கிடைத்தது. ஆனால் ஊற்று ஒனண்டாகா பூர்வகுடிகளுடையது. 1795 ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்கிக்கொண்ட நியூயார்க், ஈடாகக் கொஞ்சம் பணமும் வருஷாவருஷம் சில புஷல் உப்பும் தருவதாக ஒப்புக்கொண்டது. அவர்கள் உப்பை அவர்களுக்கே அளந்து போட்டது.

மரக்காணத்திலும் கால்வாய் உண்டு. காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை வைத்து 1877-78இல் வெட்டியது. 1805இலேயே சென்னை மாகாணத்து உப்பு கம்பெனியின் ஏகபோகமாகிவிட்டது. வரியை நிர்ணயிக்கும் உரிமை நமக்கு இல்லை. 1923இல் சட்டசபை மறுத்தும், வைஸ்ராய் தன் அதிகாரத்தைக் கொண்டு மணங்குக்கு 1¼ ரூபாயை 2½ ஆக்கினார்.

எனவே உப்பு இங்கே வேறு வழியில் தேசமானது. 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து கிளம்பிய ராஜாஜி, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். 1947இல் வரி போயிற்று. இந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் உப்பு அள்ளிய கை வேறு, உப்பு விளைத்த கை வேறு. முன்னதற்கு வரலாறு கிடைத்தது. பின்னது குறியீட்டுக்கு அடியில் மறைந்துபோனது, நெய்தல் பாட்டில் மறைந்தது போலவே.

வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மழ பேஞ்சா அளம் ஏது தம்பி? கடன்தான்" என்றார். உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று தமிழக அரசு தரத் தொடங்கியதே 2022இல். வரி நீங்கி 75 வருஷம் கழித்து.

வளர்ச்சிக்கு அமெரிக்காவை முன்மாதிரி காட்டுகிறவர்கள் ஒனண்டாகாவையும் சேர்த்துச் சொல்லட்டும். நாமும் ஒவ்வொரு ஏப்ரலிலும் வேதாரண்யத்தை நினைக்கையில், அதே வெயிலில் மரக்காணத்தில் உப்பு வாருகிறவருக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று விசாரித்துவிட்டு மேடை ஏறலாம்.