துணை அதிபர் வேட்பாளர்: வாக்கு மட்டுமே அளவுகோலா?

அமெரிக்க அதிபர் வேட்பாளர், தேர்தலுக்கு முன்பே எடுக்கும் மிகப் பெரிய முடிவு துணை அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்வதுதான். கட்சி மாநாட்டின் ஒப்புதல் இன்று பெரும்பாலும் சடங்கே.

பொதுவாக இதில் முந்தி நிற்பது வாக்குக் கணக்கு. 1960-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த கென்னடி, தெற்கின் வாக்குகளுக்காக டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் அவர் வசமாயிற்று.

ஆனால், இதுவரை 9 துணை அதிபர்கள் இடையிலேயே அதிபராகியிருக்கிறார்கள். 8 பேர் அதிபரின் மரணத்தால், ஒருவர் பதவி விலகலால். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை நலிந்திருந்ததைக் கட்சித் தலைவர்கள் அறிந்தே இருந்தனர். அதனால்தான் ஹென்றி வாலஸை விலக்கி ட்ரூமனைக் கொண்டுவந்தனர். 82 நாட்களே துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கு, அணுகுண்டுத் திட்டத்தின் விவரம் அதிபரான பிறகே சொல்லப்பட்டது. உரிய ஆளைத் தேடியவர்கள், அவரை ஆயத்தப்படுத்த மறந்தார்கள்.

அவசரமும் ஆபத்தே. 1972-இல் மெக்கவர்ன் தெரிவுசெய்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்வு சிகிச்சை பெற்றவர் என்பது பிறகே வெளிவந்தது. 18 நாட்களில் விலகினார். நோய் குற்றமன்று, விசாரிக்காமல் விட்டதுதான் பிழை.

1976-இல் ஜிம்மி கார்ட்டர் பலரையும் நேரில் அழைத்துப் பேசிய பின்னரே வால்டர் மாண்டேலைத் தெரிவு செய்தார். வென்றபின் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே, முதன்முறையாக, துணை அதிபருக்கு அலுவலகம் தந்தார். வாரந்தோறும் இருவரும் சேர்ந்து மதிய உணவு உண்டனர்.