பி.எட். படிக்காத கணக்கு வாத்தியார்

இங்கே தில்லியில் காஷ்மீரி கேட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மாஸ்டர் ராமச்சந்திரா நினைப்புதான். 1821-ல் பானிபட்டில் பிறந்தவர். கிடைத்த புத்தகங்களை வைத்து வீட்டிலேயே கணக்கு கற்று, 1844-ல் தில்லி கல்லூரியில் ஆசிரியரானார். பி.எட். எல்லாம் ஏது!

பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் அதிகபட்சம் எவ்வளவு? நமக்குக் கால்குலஸ் போட்டுக் காட்டினார்கள். இவரோ மாணவர்களுக்குப் பழக்கமான அல்ஜீப்ராவையே பிடித்துக்கொண்டார். பெருக்கற்பலன் 'ப' என்று வைத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால், (25 − ப)-வின் வர்க்கமூலம் வரும். ப 25-ஐத் தாண்டினால் உள்ளே மைனஸ். ஆக, விடை 25. அவ்வளவுதான்!

இதையே 1850-ல் கல்கத்தாவில் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். அங்கே விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். லண்டனில் டி மார்கன் 1859-ல் மறுபதிப்பே கொண்டுவந்தார். இடையில் 1857. கிறிஸ்தவராக மாறியிருந்த வாத்தியார் உயிர் தப்பத் தில்லியை விட்டே ஓட வேண்டியிருந்தது.